ஒட்டைச்சாண்

செனகல் ஆற்றங்கரையில் சிஞ்சூ லெய்தி.
எதிர்க்கரை வேறு நாடு.
தண்ணீருக்கு இரண்டும் கரைதான்.

முக்காலியை ஊன்றிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
அளவுகோலோடு ஹமாத் விலகிப் போனான்,
முள்மரம் முள்மரமாக.
பழைய கருவி. அதன் கண்ணில்
அவன் வானத்தில் கால் வைத்து நடந்தான்.
மூவாயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு.
பார்க்கிறவனுக்கு அது சமதளம்.
பாய்கிறதற்குத் தெரியும்.

பதினேழு நாள்.
பெரிய வாய்க்கால், மூன்று கிளை,
டீசல் பம்ப் நிற்க ஒரு மேடை.
பம்ப் இழுக்கும் நீருக்கு நாற்பது ஹெக்டேர்,
நூற்றறுபது வீட்டுக்குக் கால் கால் ஹெக்டேர்.
மிச்சமில்லாமல் வகுபட்டபோது
எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பாயில் வரைபடத்தை விரித்தோம்.
மூலைக்கொன்றாக ஒரு செருப்பு, ஒரு வெங்காயம்,
ஒரு போல்ட்டு, ஒரு தேநீர்க் குவளை.
குவளையைத் தூக்கியதும் அடியில் ஒரு வட்டம்.
"இந்தக் குளம் யாருக்கு?" என்றார் ஒருவர்.
தேநீர் என்றேன். அவர் நம்பவில்லை.

தக்கோ வோன் தன் நிலத்தைக் கேட்டாள்.
சிவப்புக் கோட்டுக்கு வெளியே, கிழக்கே,
பன்னிரண்டு வீட்டு நிலங்களோடு அது கிடந்தது.
"அங்கே தண்ணீர் ஏறாது அம்மா,
பதினாலு சென்டிமீட்டர் மேடு."
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் விரித்து
இவ்வளவா என்றாள்.
ஆமாம், ஒட்டைச்சாண்.
"என் அடுப்புக்கல் இதைவிட உயரம்.
வெள்ளத்து வருஷம் என் சோளத்துக்குள்
கெளுத்தி நீந்தியதே,
அந்த மீனுக்கு உன் கணக்குத் தெரியாதா?"
வெள்ளம் வேறு, வாய்க்கால் வேறு என்றேன்.
படித்தவன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதி.

மாலையில் முகம் கழுவப் போனேன்.
கரைமேட்டில் ராக்கியும் இன்னும் இரண்டு பேரும்
துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.
கல்லின் விலாவில் சிவப்புச் சாயத்தில் ஒரு மூன்று
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
என் கையெழுத்து.

நட்டு நிறுத்திய அளவைக் கல் அது.
நின்றால் துவைக்க உயரமாம், சாய்த்துவிட்டார்கள்.
ஹமாத்துக்குக் கல் என்றால் கல்;
தினமும் அதன்மேல்தான் கோலை வைத்திருக்கிறான்.
எந்த நாள் சாய்த்தீர்கள்?
"சிரே டேமின் மாடு கன்று போட்ட மறுநாள்."
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஒன்பதாம் நாள், மூலையில்: 'சீம்பால் கொடுத்தார்கள்.'
அதன் பிறகு அளந்ததெல்லாம் கிழக்கு.

விடிய விடிய விளக்கடியில்
ஒவ்வொரு எண்ணிலும் பதினாலைக் கழித்தேன்.
கிழக்கு ஓசையில்லாமல் இறங்கியது.
மூன்றாம் கிளையின் கடைமடை
தக்கோவின் வரப்புவரை போனது.

நிலம் இறங்கியது. பம்ப் பெருக்கவில்லை.
அதே நாற்பது, இப்போது நூற்று எழுபத்திரண்டு வீடு.
ஆளுக்கு நூற்று எழுபத்து நாலு சதுர மீட்டர் குறையும்.
"நேற்று சரியாக இருந்த கணக்கு" என்று சிரே டேம் எழுந்தார்.
"என் மாடு கன்று போட்டதற்கு
என் நிலத்தில் அபராதமா?"
சிரித்தவர்களில் பாதிப்பேர் உடனே நிறுத்தினார்கள்,
தங்கள் பங்கும் குறைவது நினைவு வந்து.
மூன்றாம் குவளைத் தேநீர் ஆறிப்போயிற்று.
கடைசியில் சரி என்றார்கள்,
கடனுக்குக் கையெழுத்துப் போடும் குரலில்.
தக்கோ நன்றி சொல்லவில்லை.
எதற்குச் சொல்லவேண்டும்?

அப்போது கூட்டத்தின் ஓரத்தில், கைத்தடிமேல் சாய்ந்து,
மந்தைக்கார யேரோ கேட்டான்:
"எல்லாரும் குடித்தாயிற்றா?
என் மாடுகள் இனி ஆற்றுக்கு எந்த வழியாக வரும்?"

நீட்டிய கிளை அவன் தடத்தைக் குறுக்கே வெட்டியிருந்தது.
தவறிய கணக்கில் அந்தத் தடம் தப்பியிருந்தது.
நீலக் கோட்டின்மேல் இரண்டு சிறு கோடு போட்டு
பாலம் என்று எழுதினேன்.
செலவுப் பட்டியலில் அதற்கு வரி இல்லை.
யேரோவுக்குப் படிக்கத் தெரியாது.
கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியலில்
ஹமாத்தும் நானும் ஆற்றோரம் அலைந்து
தட்டையாக ஒரு கல்லை உருட்டிவந்து
ராக்கியிடம் காட்டினோம்.
அதன்மேல் ஒரு துணியை அடித்துப் பார்த்து
பரவாயில்லை என்றாள்.
அதற்குப் பிறகுதான்
மூன்றாம் எண் கல்லை நிமிர்த்தினோம்.